இரண்டாம் தர லீக்கில் ஒரு பருவகாலம்: விலகல் முறைக்குப் பழகிய கண்ணுக்கு

யாழ்ப்பாணத்தில் ‘லீக்’ என்றால் இரண்டு பொருள். யாழ்ப்பாண லீக், வலிகாமம் லீக், பருத்தித்துறை லீக் என்று சொல்லும்போது அது கழகங்களைப் பதிந்து, நடுவர்களை ஒழுங்குசெய்து, சுற்றுப்போட்டி நடத்தும் அமைப்பு. ‘இந்தமுறை லீக் முறையாம்’ என்று சொல்லும்போது அது ஆட்டம் வைக்கும் முறை. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. அதிலும் ஒரு நாட்டின் இரண்டாம் தர உதைபந்தாட்ட லீக்கில் ஒரு பருவகாலம் எப்படி ஓடுகிறது, புள்ளிப்பட்டியலை எப்படி வாசிப்பது, எங்கே எது பிழைக்கும் என்பதைப் பற்றி.

எங்கள் கண் விலகல் முறைக்குப் பழகிய கண். ஊர்க் கழகம் ஒன்று கிண்ணம் அறிவிக்கும். 16 அணி பதிந்தால் முதல் சுற்றோடு 8 அணிக்கு எல்லாம் முடிந்துவிடும். 15 ஆட்டத்தில் கிண்ணம் யாருக்கென்று தெரிந்துவிடும். நேரம் முடியச் சமநிலை என்றால் சமநிலை தவிர்ப்பு உதை. தோற்றவர் வெளியே. அதன் விறுவிறுப்பைத் துரையப்பா விளையாட்டரங்கில் ஓர் இறுதியாட்டம் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அதே கண்ணோடு லீக்கைப் பார்த்தால் இரண்டு பிழை வரும். ஓர் ஆட்டம் தோற்றதும் ‘முடிஞ்சுது’ என்று எழும்பிவிடுவோம். அல்லது கடைசி ஆட்டங்கள்தான் ஆட்டம், தொடக்கத்தில் நடப்பது பயிற்சி மாதிரி என்று நினைப்போம். லீக்கில் ஓகஸ்டில் எடுத்த புள்ளிக்கும் மே மாதத்தில் எடுத்த புள்ளிக்கும் ஒரே எடை. முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இரண்டு வாசல்

நாட்டின் கழகங்களை மாடி மாடியாக அடுக்கியிருப்பதாக நினையுங்கள். மேல் மாடியில் இருப்பவர்களுக்கு இறங்கும் வாசல் மட்டும் உண்டு. அடியில் இருப்பவர்களுக்கு ஏறும் வாசல் மட்டும். இரண்டாம் மாடியில் இரண்டும் திறந்திருக்கும். ஏறுவதைத் தரமுயர்வு என்றும் இறங்குவதைத் தரமிறக்கம் என்றும் சொல்கிறோம். பட்டியலின் உச்சியிலும் அடியிலும் ஒரே நேரத்தில் போட்டி நடப்பதால், இரண்டாம் தர லீக்கின் கடைசி வாரங்கள் முதல்தர லீக்கை விடவும் சூடாக இருப்பது வழமை.

இங்கிலாந்தில் இதன் பெயர் ‘சம்பியன்ஷிப்’. பெயரைக் கேட்டு இதுதான் முதல்தரம் என்று புதியவர்கள் குழம்புவதுண்டு. முதல்தரம் பிரிமியர் லீக். சம்பியன்ஷிப்பில் 24 கழகங்கள். ஒவ்வொன்றும் 46 ஆட்டம் ஆடும். 3 கழகம் ஏறும், 3 கழகம் இறங்கும். இந்தியாவில் ஐ-லீக் ஒருகாலத்தில் நாட்டின் முதல்தர லீக். 2022-23 பருவகாலத்தில் இருந்து அது இந்தியன் சூப்பர் லீக்கின் கீழே இரண்டாம் தரமாகி, அதில் முதலிடம் வரும் கழகத்துக்கு மேலே போக வழி கிடைத்தது. 2022-23 இல் பஞ்சாப் கழகமும் 2023-24 இல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அப்படி ஏறியவை. இலங்கையில் 2021 இல் 10 கழகங்களோடு சூப்பர் லீக் தொடங்கியபோது, அதுவரை மேலே இருந்த சம்பியன்ஸ் லீக் ஒரு படி கீழே வந்தது. அந்தப் பத்தில் வடக்கின் கழகம் ஒன்றும் இல்லை. வடக்கில் இருந்து தேசிய முதல்தரத்துக்குப் போக நினைக்கும் எந்தக் கழகத்துக்கும் பாதை கீழ்த் தரங்களின் ஊடாகத்தான் இருக்கிறது. அதனால் இந்த முறை எப்படி இயங்குகிறது என்பது எங்களுக்குத் தொலைக்காட்சியில் பார்க்கும் விடயம் மட்டுமாக இருந்துவிடக்கூடாது.

அட்டவணை

லீக்கின் உயிர் அட்டவணையில் இருக்கிறது. எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். நாவாந்துறையில் சென். மேரிஸும் சென். நீக்கிலஸும் ஒரே ஊர்க் கழகங்கள். விலகல் முறையில் அவை மோதுமா என்பது சீட்டு விழுவதைப் பொறுத்தது. இரு சுற்று லீக்கில் இரண்டு தரம் மோதியே ஆக வேண்டும், ஒருதரம் ஒருவரின் திடலில், மறுதரம் மற்றவரின் திடலில். சொந்தத் திடல், எதிரணித் திடல் என்று பிரிப்பதற்குக் காரணம் நியாயம். கடலோர மணல் திடலில் பழகிய அணிக்குப் பந்து நின்று உருளும். வலிகாமத்துச் செம்மண் தரையில் அதே பந்து துள்ளி ஓடும். இரண்டு திடலிலும் ஆடினால் அந்தச் சாதகம் சமப்படும்.

கணக்கு இலகு. அணிகளின் எண்ணிக்கையை அதிலிருந்து ஒன்று குறைத்ததால் பெருக்கினால் இரு சுற்று லீக்கின் மொத்த ஆட்டங்கள் வரும். 8 அணிக்கு 8 தர 7, அதாவது 56. ஒரு சுற்று மட்டும் என்றால் அதில் பாதி, 28. சம்பியன்ஷிப்புக்கு 24 தர 23, 552 ஆட்டம்.

யார் யாரோடு எந்த வாரம் என்பதைக் குழப்பமில்லாமல் போடுவதற்கு ஒரு பழைய முறை உண்டு. 8 அணிக்கும் 1 முதல் 8 வரை இலக்கம் கொடுங்கள். முதல் வாரம் 1–8, 2–7, 3–6, 4–5. இப்போது 1 ஐ அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் ஓர் இடம் சுழற்றுங்கள்: கடைசியில் இருந்த 8, 2 இருந்த இடத்துக்கு வரும், மற்றவை ஒவ்வோர் இடம் தள்ளிப் போகும். இரண்டாம் வாரம் 1–7, 8–6, 2–5, 3–4. மீண்டும் சுழற்றினால் மூன்றாம் வாரம் 1–6, 7–5, 8–4, 2–3. ஏழு வாரத்தில் எல்லோரும் எல்லோரையும் ஒருதரம் சந்தித்து முடிந்திருக்கும். இரண்டாம் சுற்றுக்கு அதே அட்டவணையைத் திடலை மட்டும் மாற்றி மறுபடி எழுதலாம். 7 அணி என்றால் எட்டாவது இலக்கத்துக்கு ‘ஓய்வு’ என்று எழுதிவிடுங்கள். எந்த வாரம் யாருக்கு 8 வருகிறதோ அவர்களுக்கு அந்த வாரம் ஆட்டம் இல்லை.

அட்டவணை தாளில் அழகாக இருக்கும், பிழைப்பது தரையில்தான். 56 ஆட்டத்தை வார இறுதிக்கு 4 ஆட்டமாக வைத்தால் 14 வாரம். 14 வாரத்துக்கு 14 வாரத்தையே ஒதுக்கினால் அது கட்டாயம் குழம்பும். ஊரில் ஒரு துக்கம் நடந்தால் அந்தக் கழகம் அந்த வாரம் ஆடாது. பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு வரும், கோயில் கொடியேற்றம் வரும், பரீட்சை வரும், மார்ச்சில் வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட் ஆட்டம் வந்தால் பார்வையாளர் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். 14 வாரத்துக்கு 17 வாரமாவது கையில் வைத்திருக்க வேண்டும். ஓகஸ்ட் கடைசியில் தொடங்கினால் இரண்டாம் சுற்று முழுதும் ஐப்பசி, கார்த்திகை மாரிக்குள் விழும். தண்ணீர் நிற்கும் திடலில் ஆட்டம் ஒத்திப்போகும், ஒத்திப்போன ஆட்டங்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் ஓர் அணி மூன்று ஆட்டம் ஆட வேண்டி வரும். ஜனவரிக் கடைசியில் தொடங்கி மே மாதத்துக்குள் முடிப்பது எங்கள் தரைக்கும் காலநிலைக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன் எழுத்தில் இருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு, பெரும்பாலும் மறக்கப்படுவதும் அதுதான்: ஓர் அணி இடையில் விலகினால் என்ன செய்வது? பாதிப் பேர் அந்த அணியை வென்று 3 புள்ளி எடுத்திருப்பார்கள், மீதிப் பேர் இன்னும் அதோடு ஆடியிருக்க மாட்டார்கள். அந்த அணி ஆடிய எல்லா முடிவுகளையும் பட்டியலில் இருந்து அழித்துவிடுவது நியாயமான வழி. அணி ஒரு நாள் மட்டும் வராமல் விட்டால் எதிரணிக்கு 3–0 என்று எழுதுவது வழமை. இந்த இரண்டையும் பருவகாலத்தின் நடுவில் கூடித் தீர்மானிக்கப் போனால், எந்தத் தீர்மானம் எடுத்தாலும் அது ஒரு பக்கத்துக்கு அநியாயமாகத்தான் படும்.

புள்ளி

வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. முன்பு வெற்றிக்கு 2 தான். இங்கிலாந்து 1981 இல் 3 ஆக்கியது; உலகக் கிண்ணத்தில் அது 1994 இல் வந்தது. ஏன் மாற்றினார்கள் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஓர் அணி 10 ஆட்டத்தையும் சமநிலையில் முடிக்கிறது. இன்னோர் அணி 4 ஆட்டத்தில் வென்று 6 ஆட்டத்தில் தோற்கிறது. பழைய முறையில் முதல் அணிக்கு 10, இரண்டாவதுக்கு 8. புதிய முறையில் முதல் அணிக்கு அதே 10, இரண்டாவதுக்கு 12. பின்களத்தை அடைத்துக்கொண்டு நின்றால் போதும் என்ற எண்ணத்துக்கு இப்போது விலை அதிகம். ‘நாங்கள் தோற்கவேயில்லை’ என்று பெருமைப்படும் அணி பட்டியலின் நடுவில் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

பட்டியலைப் பார்த்ததும் புள்ளி நிரலுக்கு ஓடாதீர்கள். முதல் பார்க்க வேண்டியது ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. 20 ஆட்டத்தில் 36 புள்ளி எடுத்த அணி, 18 ஆட்டத்தில் 34 எடுத்த அணிக்கு மேலே இருக்கும். ஆனால் ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் மேலே இருப்பவர்களுக்கு 1.8, கீழே இருப்பவர்களுக்கு 1.9 இற்குக் கிட்ட. கீழே இருப்பவர்கள்தான் நன்றாக ஆடுகிறார்கள். அதற்காகக் கையில் இருக்கும் 2 ஆட்டத்தை 6 புள்ளி என்று எண்ணிவிடவும் கூடாது. ஒத்திப்போன ஆட்டம் பெரும்பாலும் வார நடுவில், களைத்த காலோடு ஆடப்படுவது.

ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற இந்தக் கணக்கு எந்த லீக்குக்கும் பொருந்தும் அளவுகோல். ஆட்டத்துக்கு 2 புள்ளி வீதம் எடுத்துக்கொண்டு போகும் அணி ஏறும் வாசலுக்குக் கிட்ட நிற்கும். சம்பியன்ஷிப்பில் அது 92. ஒன்றுக்குச் சற்று மேலே, 50 அளவில் எடுத்தால் பெரும்பாலும் தப்பலாம். 8 அணி, 14 ஆட்ட லீக்கில் இதே கணக்கில் 28 இலக்கு, 15 அல்லது 16 தப்பும் எல்லை. அணியின் பொறுப்பாளர் முதல் நாளே இந்த இரண்டு எண்ணையும் எழுதி ஓய்வறைச் சுவரில் ஒட்டிவிட்டால், நடுவில் இரண்டு தோல்வி வந்தாலும் பதற்றம் வராது.

இன்னொரு சின்னக் கணக்கு. மீதமுள்ள ஆட்டங்களை 3 ஆல் பெருக்குங்கள். இரு அணிக்கும் 3 ஆட்டம் மீதம் என்றால் 9. இடைவெளி 10 என்றால் விடயம் முடிந்தது. 9 என்றால் இன்னும் முடியவில்லை, புள்ளி சமப்படலாம், கோல் வித்தியாசம் தீர்மானிக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரு அணிகள் நேருக்கு நேர் மோதுவதை ஆறு புள்ளி ஆட்டம் என்பார்கள். வென்றால் உங்களுக்கு 3 கூடும், அதே நேரம் போட்டியாளர் 3 ஐ இழக்கிறார். தோற்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 6.

புள்ளி சமப்பட்டால்

இங்கிலாந்தில் முதலில் கோல் வித்தியாசம்: அடித்த கோலில் இருந்து வாங்கிய கோலைக் கழிப்பது. அதுவும் சமன் என்றால் கூட அடித்தவர் மேலே. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் முதலில் அந்த இரு அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவைப் பார்ப்பார்கள். எந்த முறை என்று விதிப் புத்தகத்தில் இல்லாவிட்டால் பருவகாலத்தின் கடைசியில் தகராறு நிச்சயம்.

2024-25 சம்பியன்ஷிப்பில் லீட்ஸ் யுனைட்டடும் பேர்ன்லியும் இரண்டும் 100 புள்ளி எடுத்தன. பேர்ன்லி 46 ஆட்டத்தில் வாங்கியது வெறும் 16 கோல். அப்படி ஒரு பின்களத்தைக் காண்பது அருமை. ஆனால் அடித்தது 69. லீட்ஸ் 30 கோல் வாங்கியது, அடித்தது 95. வித்தியாசம் லீட்ஸுக்கு 65, பேர்ன்லிக்கு 53. கிண்ணம் லீட்ஸுக்கு. 3–0 என்று முன்னிலையில் இருக்கும்போது நான்காவதை அடிக்க ஓடுவதும், 0–3 என்று பின்னால் இருக்கும்போது நான்காவதை வாங்காமல் மறிப்பதும் ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. விலகல் முறையில் 1–0 உம் 6–0 உம் ஒன்றுதான். லீக்கில் ஒன்றல்ல.

ஏறும் வாசல் எப்படித் திறக்கிறது

பல நாடுகளில் முதல் இரண்டு இடங்களுக்கு நேரடித் தரமுயர்வு. மூன்றாவது இடத்துக்கு நாட்டுக்கு நாடு வழி வேறு. இங்கிலாந்தில் 1986-87 இல் இருந்து தகுதிகாண் ஆட்டங்கள் நடக்கின்றன. 2024-25 இல் இருந்த முறை: 3 ஆம் இடம் 6 ஆம் இடத்தோடும், 4 ஆம் இடம் 5 ஆம் இடத்தோடும் இரண்டு திடலிலும் ஒவ்வோர் ஆட்டம், வென்ற இருவரும் லண்டன் வெம்பிளியில் ஒரே ஒரு ஆட்டம். ஒன்பது மாதம் லீக்காக நடந்தது கடைசியில் விலகல் முறையாக மாறுகிறது. 2024-25 இல் ஷெஃபீல்ட் யுனைட்டட் 90 புள்ளியோடு மூன்றாவதாக வந்தது. சண்டர்லாண்ட் 76 புள்ளியோடு நான்காவது. வெம்பிளியில் சண்டர்லாண்ட் 2–1 என வென்று பிரிமியர் லீக்குக்கு ஏறியது. 14 புள்ளி கூட எடுத்த அணி கீழேயே நின்றது.

இதை அநியாயம் என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் தகுதிகாண் ஆட்டம் இல்லாவிட்டால் பெப்ரவரிக்குப் பிறகு பட்டியலின் நடுவில் நிற்கும் பத்துக் கழகங்களுக்கு ஆடுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆறாம் இடம் என்ற நம்பிக்கை அவர்களையும் பார்வையாளர்களையும் கடைசிவரை வைத்திருக்கிறது. ஜப்பானின் இரண்டாம் தர லீக் இதற்கு ஒரு நல்ல நடுவழி கண்டிருக்கிறது: அங்கே தகுதிகாண் ஆட்டம் சமநிலையில் முடிந்தால், பட்டியலில் மேலே வந்த அணி தானாக முன்னேறும். பருவகாலம் முழுவதும் சேர்த்த புள்ளிக்கு அங்கே ஒரு மரியாதை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் லீக் நடத்துபவர்கள் எடுத்துப் பாவிக்க வேண்டிய விதி இது என்றே சொல்வோம். ஜேர்மனியில் வேறு மாதிரி: இரண்டாம் தரத்தில் மூன்றாவதாக வந்த அணி, முதல்தரத்தில் 18 கழகங்களில் 16 ஆவதாக வந்த அணியோடு இரண்டு ஆட்டம் ஆடும்; வென்றவருக்கு மேல்மாடியில் இடம்.

காகிதத்தில் தோற்பது

புதியவர்கள் கவனிக்காத பகுதி இது. நீண்ட பருவகாலத்தில் மஞ்சள் அட்டைகள் சேர்ந்துகொண்டே போகும். சம்பியன்ஷிப்பில் முதல் 19 ஆட்டத்துக்குள் 5 மஞ்சள் அட்டை சேர்ந்தால் அடுத்த ஓர் ஆட்டம் ஆட முடியாது. 37 ஆட்டத்துக்குள் 10 சேர்ந்தால் 2 ஆட்டம். அட்டையை நடுவர் காட்டியதும் அது முடிந்துவிட்டது என்று நினைக்கும் வீரர் உண்டு. கழகச் செயலாளருக்கு அது அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு யாருக்கு எத்தனையாவது அட்டை, யார் அடுத்த ஆட்டம் ஆடக்கூடாது என்பதைத் தனிப் புத்தகத்தில் எழுதி, அடுத்த ஆட்டத்துக்கு அணிப் பெயர்ப்பட்டியல் கொடுக்கும் முன் அதோடு ஒப்பிட வேண்டும். ஞாபகத்தை நம்பக்கூடாது.

ஏன் என்பதற்கு 2024-25 ஐ-லீக் நல்ல பாடம். 12 கழகங்கள், ஆளுக்கு 22 ஆட்டம். 2025 ஏப்ரல் 6 இல் கடைசி ஆட்டம் முடிந்தபோது கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளி, வாரணாசியின் இன்டர் காசி 39. ஆனால் ஜனவரியில் நாம்தாரி கழகத்தோடு இன்டர் காசி 0–2 எனத் தோற்ற ஆட்டம் தகராறில் இருந்தது: ஆடக்கூடாத ஒருவரை நாம்தாரி இறக்கியது என்பது முறைப்பாடு. ஒரு குழு ஒரு மாதிரியும் மேன்முறையீட்டுக் குழு வேறு மாதிரியும் தீர்ப்புச் சொல்ல, ஏப்ரலில் சர்ச்சில் சம்பியன் என்று அறிவிக்கப்பட்டது. விடயம் சுவிற்சர்லாந்தில் உள்ள விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. ஜூனில் அந்த ஆட்டத்தின் 3 புள்ளியும் இன்டர் காசிக்கு என்று தீர்ப்பு வந்தது. வீரர் பதிவு பற்றிய இன்னொரு வழக்கும் முடிந்து, ஜூலை 18 இல் 42 புள்ளியோடு இன்டர் காசி சம்பியன் ஆனது. திடலில் ஆட்டம் முடிந்து மூன்று மாதத்துக்கு மேல் கிண்ணம் யாருடையது என்று தெரியாமல் இருந்தது. ஜனவரி மாதத்து ஆட்டம் ஒன்றின் பெயர்ப்பட்டியலில் இருந்த ஒரு பெயர்தான் அதன் தொடக்கம்.

பணக் கணக்கிலும் புள்ளி போகலாம். மேலே சொன்ன ஷெஃபீல்ட் யுனைட்டட் அந்தப் பருவகாலத்தை 2 புள்ளி கழிக்கப்பட்ட நிலையில் தொடங்கியது. வேறு கழகங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை உரிய நேரத்தில் கொடுக்காததற்குத் தண்டனை அது.

நீளம்

46 ஆட்டம் என்றால் ஓகஸ்டில் இருந்து மே வரை, பல வாரங்களில் சனி, செவ்வாய், சனி என்று ஆட்டம். 11 பேரை வைத்து இதை ஓட்ட முடியாது. பின்தொடைத் தசை இழுபடுவதுதான் அடிக்கடி வரும் காயம். இரண்டு ஆட்டத்துக்கு இடையில் மூன்று நாள்கூட இல்லாதபோது அது கூடும். தொடக்கத்தில் பறந்த அணி டிசம்பர், ஜனவரியில் சரிவதற்குப் பெரும்பாலும் காரணம் மாற்று வீரர் இல்லாமை. ஊர் லீக்கிலும் இதேதான்: கடலுக்குப் போகும் வீரர்களும் வேலைக்குக் கொழும்பு போகும் வீரர்களும் உள்ள கழகத்தில் 14 வாரமும் ஒரே பதினொருவர் கிடைக்க மாட்டார்கள். பின்களத்துக்கு இரண்டு, நடுக்களத்துக்கு இரண்டு, முன்களத்துக்கு ஒன்று, இன்னொரு கோல் காப்பாளர் என்று குறைந்தது 17 பேராவது தொடர்ந்து பயிற்சிக்கு வர வேண்டும்.

மேலே இருந்து இறங்கிவந்த கழகம் தானாகவே முதலிடம் பிடிக்கும் என்ற எண்ணமும் பொதுவான பிழை. பிரிமியர் லீக்கில் இருந்து இறங்கும் கழகங்களுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு பாரசூட் கொடுப்பனவு உண்டு. விழும் வேகத்தைக் குறைக்கும் பணம் என்பதால் அந்தப் பெயர். மற்றக் கழகங்களிடம் இல்லாத பலம் அது. ஆனால் நல்ல வீரர்கள் விலகிப் போவார்கள், மிஞ்சியவர்கள் தோல்விக்குப் பழகியிருப்பார்கள், பெரிய சம்பள ஒப்பந்தங்கள் கழுத்தில் தொங்கும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பின்தொடர

ஒரு பருவகாலத்தை விளங்கிக்கொள்ள ஒரே வழி ஓர் அணியைத் தேர்ந்து முதல் ஆட்டத்தில் இருந்து கடைசி ஆட்டம் வரை கணக்கு வைப்பது. சம்பியன்ஷிப் என்றால், இங்கிலாந்தின் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டம் எங்களுக்கு இரவு 7.30, ஒக்டோபர் கடைசி ஞாயிறில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்வைத்த பிறகு மார்ச் கடைசி ஞாயிறு வரை 8.30. வாரநாள் இரவு 7.45 ஆட்டம் இங்கே நள்ளிரவு தாண்டி 12.15 அல்லது 1.15. இந்திய லீக்குகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, இந்திய நேரமும் எங்கள் நேரமும் ஒன்று.

கொப்பியில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி: திகதி, எதிரணி, சொந்தத் திடலா எதிரணித் திடலா, முடிவு, சேர்ந்த புள்ளி, கோல் வித்தியாசம். பக்கத்தில் அந்த அணிக்கு உடனே மேலும் கீழும் நிற்கும் இரு அணிகளின் புள்ளியையும் எழுதுங்கள். பத்து வாரத்தில் பட்டியல் உங்களோடு பேசத் தொடங்கும்: சொந்தத் திடலில் மட்டும் வெல்லும் அணி எது, சனி வென்று செவ்வாய் தோற்கும் அணி எது என்று தெரியும்.

கடைசி வார ஆட்டங்களை எல்லாத் திடலிலும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா தன் ஆட்டத்தை முதல் நாளே ஆடி முடித்திருந்தது. மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ரியாவும், ஜேர்மனி 1–0 என வென்றால் இருவரும் முன்னேறலாம் என்று தெரிந்துகொண்டு இறங்கின. ஜேர்மனி தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்தது, பிறகு பந்தைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார்கள். அல்ஜீரியா வெளியேறியது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் ஒரே நேர ஆட்டம். ஒரே ஒரு திடல் உள்ள ஊர் லீக்கில் இது கடினம்; ஆனாலும் கடைசி வாரத்துக்கு மட்டும் பக்கத்து ஊர்த் திடல் ஒன்றைக் கேட்டு, தரமுயர்வு அல்லது தரமிறக்கம் தொங்கும் ஆட்டங்களையாவது ஒரே மணிக்கு வைக்க வேண்டும்.

அப்படி ஒரு கடைசி நாள் 2025 மே 3. சம்பியன்ஷிப்பின் அடியில் லூட்டன் டவுன் 49 புள்ளி, ஹல் சிட்டி 48. ஹல் வெல்லாவிட்டால் லூட்டனுக்கு ஒரு சமநிலை போதும். வெஸ்ட் ப்ரொம்விச்சில் அது 3–5 எனத் தோற்றது. அதே நேரம் போர்ட்ஸ்மத்தில் ஹல் 1–1 என முடித்தது. இருவரும் 49. ஹல்லின் கோல் வித்தியாசம் −10, லூட்டனுடையது −24. இரண்டு ஆண்டுக்கு முன் பிரிமியர் லீக்குக்கு ஏறிய லூட்டன் மூன்றாம் தரத்துக்கு இறங்கியது. அந்த 14 கோல் இடைவெளியில் அன்று சேர்ந்தது 2. மீதி 12 அதற்கு முந்தைய 45 ஆட்டங்களில் சேர்ந்தது.